எதிர்பாராத விதமாக

"எதிர்பாராத விதமாக" என்ற சொற்களை என் உத்தியோகக் காலத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. 1972இல் பணியில் சேர்ந்து 2007இல் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் வருவாய்த் துறைக் கோப்புகளோடுதான் காலம் தள்ளினேன். நீரில் மூழ்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் கேட்டு வரும் கோப்புகளும் அவற்றில் உண்டு. முதலில் கர்ணத்தின் கையெழுத்தில் வந்தன. 1980க்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையாக வந்தன. கையெழுத்து மாறியதே தவிர வாசகம் மாறவில்லை. "மேற்படி கிராமத்தைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னார், வயது 9, ஏரியில் குளிக்கச் சென்றபோது எதிர்பாராத விதமாக நீரில் மூழ்கி இறந்து போனார் எனத் தெரிய வருகிறது."

ஒன்பது வயதுப் பையனை அவன் வீட்டில் யாரும் "போனார், வந்தார்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கோப்புக்குள் வந்த பிறகுதான் அவனுக்கு அந்த மரியாதை கிடைத்தது.

நானும் அதே வாசகத்தைப் பிரதி எடுத்து மேலே அனுப்பினேன். இன்று பேப்பரைத் திறந்தாலும், டி.வி.யைப் போட்டாலும் அதே வாசகம்தான். எழுபதைத் தாண்டிய பிறகாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த வாசகம் பொய். ஏப்ரல், மே வந்தால் அந்தக் கோப்புகள் வரும் என்று எங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் வரைக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் இன்னொரு தவணை வரும். காணும் பொங்கல் கழிந்தால் இரண்டொன்று வரும். இப்படி மாதக் கணக்கு போட்டு வருகிற ஒன்றை எதிர்பாராதது என்று எழுத எங்களுக்கு எப்படிக் கை வந்தது?

எதிர்பார்த்தோம். எதிர்பார்த்தும் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தரவில்லை. இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நீச்சல் விஷயத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "தூக்கிக் கிணத்துல போடு, தானா நீந்துவான்" என்கிற கட்சி. இன்னொன்று, "தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்கிற கட்சி. பார்த்தால் எதிரும் புதிருமாகத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பிள்ளைக்குத் தண்ணீரைத் தெரியாமல் ஆக்குகின்றன. இரண்டு கட்சியிலும் நான் உறுப்பினனாக இருந்தவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பாண்டிச்சேரியில். படித்தது பிரெஞ்சு வழியில். கோடை விடுமுறைக்கு மட்டும் அம்மாவின் ஊரான ஆரணிக்கு வருவோம். மாமா வீட்டில் குழித்தறி இரண்டு ஓடும். 1958 என்று நினைவு, எனக்கு ஒன்பது வயது. மாமா என்னை ஊருக்கு வெளியே ஒரு கவலைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். மற்றப் பிள்ளைகள் முதுகில் சுரைப்புட்டி கட்டிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தார்கள். "பாண்டிச்சேரித் தொரைக்கு சொரபுட்டி வேணாம்" என்று சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து தூக்கிப் போட்டுவிட்டார்.

போட்டவர் நல்லவர். என்மேல் உயிரையே வைத்திருந்தவர். பச்சையாக ஒரு வெளிச்சமும், காதுக்குள் ஒரு இரைச்சலும், மூக்கிலிருந்து மண்டை வரை ஏறிய எரிச்சலும் மட்டும்தான் எனக்கு ஞாபகம். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். படிக்கட்டில் கிடந்து வாந்தி எடுத்தேன். மேலே எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. பாண்டிச்சேரிக் கடற்கரையில் நடக்கும்போதுகூட அலை பக்கம் மற்றவர்களை நடக்க விட்டு, நான் சாலை பக்கமாகவே நடப்பேன்.

"நாங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்பார்கள் முதல் கட்சிக்காரர்கள். டீக்கடையில் இன்றைக்கும் இதைக் கேட்கலாம். கற்றுக்கொண்டவர்கள்தான் டீக்கடைக்கு வந்து பேசுகிறார்கள். கற்றுக்கொள்ளாமல் பயந்து போனவர்கள் வெட்கப்பட்டு வாயைத் திறப்பதில்லை. திரும்பி வராதவர்கள் டீக்கடைக்கு வருவதில்லை. அவர்கள் என் கோப்புக்கு வந்தார்கள். பத்துப் பேரைத் தூக்கிப் போட்டு ஆறு பேர் நீந்தினால், அந்த ஆறு பேரின் சாட்சியை மட்டும் வைத்து முறை நல்லது என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்த ஆறு பேரிலும் பாதிப் பேர் முன்பே தண்ணீரில் விளையாடியவர்களாக இருப்பார்கள். வாய்க்காலில் கிடந்தவன், எருமையின் முதுகில் ஏரிக்குள் போனவன், மதகு ஓரம் மீன் பிடித்தவன். அவன் உடம்பு தண்ணீரை அறிந்திருந்தது. கிணற்றில் போட்டது கடைசிப் படி. அதை நாம் முதல் படி என்று நினைத்துவிட்டோம்.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளையை முதல் நாளே தறியில் உட்கார வைத்து, கோர்வைச் சேலை நெய்யச் சொன்னவர் யாராவது உண்டா? முதலில் இராட்டையில் தார் சுற்றும். அதற்கே மாதக்கணக்கு ஆகும். பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரை போடும்போது நாடாவை வாங்கித் திருப்பித் தரும். அறுந்த இழையைப் பிணைக்கக் கற்கும். அதற்கெல்லாம் பிறகுதான் குழியில் கால் வைக்கும். ஒரு பாவு வீணானால் எத்தனை ஆயிரம் நட்டம் என்று நமக்குத் தெரியும். பட்டு நூலுக்கு இத்தனை பொறுமை காட்டுகிற ஊர், பிள்ளையை மட்டும் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது?

எனக்குப் பாடம் நடத்திய பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "பெத்தித் தா பெத்தி, லுவாசோ ஃபே சோன் நி." கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குருவி கூடு கட்டும் என்று பொருள். அந்த மொழியில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். "எனக்குப் பயம்" என்பதை அவர்கள் "ழே பேர்" என்பார்கள். நேர்ப்பொருள், "என்னிடம் பயம் இருக்கிறது." என்னிடம் இருக்கிறது என்றால் இறக்கி வைக்கவும் முடியும். தமிழிலும் குழந்தை அழகாகத்தான் சொல்கிறது, "பயமா இருக்கு" என்று. பெரியவர்கள் நாம்தான் "பயந்தாங்கொள்ளி" என்று பேர் வைத்து, இறக்கி வைக்க முடியாதபடி அதை முதுகில் கட்டிவிடுகிறோம்.

இனி இரண்டாவது கட்சி. இதில் தாய்மார்களும் ஜோசியர்களும் அதிகம். "தண்ணியில கண்டம் இருக்கு" என்று ஜாதகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பிள்ளை ஆற்றங்கரைக்கே போகக் கூடாது. எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீரில் கண்டம் இருக்கிற பிள்ளைக்குத்தானே மற்றவர்களுக்கு முன்னால் நீச்சல் சொல்லித் தர வேண்டும்? மழை வரும் என்று தெரிந்தவன் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டா போவான்?

பிள்ளையை வீட்டுக்குள் வைக்கலாம். எத்தனை நாள்? பன்னிரண்டு வயதில் கூட்டாளிகளோடு சைக்கிளில் போவான். காலேஜில் டூர் போவான். தடுத்து வைத்த பிள்ளை தண்ணீரை முதன்முதலில் பார்ப்பது, நாம் பக்கத்தில் இல்லாத அந்த நாளில்தான்.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். ஜவ்வாது மலையிலிருந்து வருகிற நம் கமண்டல நாகநதி வருடத்தில் பெரும்பாலான மாதம் வெறும் மணல். எங்கள் தலைமுறை ஆற்றில் ஊற்று தோண்டிக் குளித்தது, கால்வாயில் புரண்டது. இன்றைய பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் குழாயும் பக்கெட்டும்தான். ஆனால் மழை பெய்துவிட்டால், 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதே, அதுபோல ஒரே வாரத்தில் எல்லாம் நிரம்பி விடுகிறது. ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறது. தண்ணீரை அறியாத பிள்ளைகளும், மணல் அள்ளிய குழிகள் தெரியாமல் மூடிக் கிடக்கும் ஆறும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். முழங்கால் அளவு என்று நினைத்து வைத்த கால், அடுத்த அடியில் ஆள் மட்டத்துக்குப் போகிறது. இது எதிர்பாராததா?

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா நீச்சல்?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் துணி துவைப்பது யார்? ஆடு மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போவது யார்? குளிக்க இறங்கிய தங்கையைத் தூக்கப் போய்த் தானும் போகிற அக்கா யார்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அதற்குக் காரணங்கள் பல. நீந்தவும் மரம் ஏறவும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கற்றுக் கொடுத்திருந்தோம் என்பதும் அவற்றில் ஒன்று. கடலுக்குச் சேலைக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியாது.

"நீச்சல் தெரிஞ்சா தைரியம் வந்து ஆழத்துக்குப் போவான்" என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அரைகுறை நீச்சல் ஆபத்துதான். ஆனால் அதற்கு மருந்து முழுசாகச் சொல்லித் தருவது. ஒழுங்காகக் கற்றவனுக்குத் தண்ணீர் எவ்வளவு பெரியது என்று தெரியும். பயம் வேறு, மரியாதை வேறு. பயப்படுகிறவன் தண்ணீரில் கையை காலை உதறி மூழ்குகிறான். மரியாதை உள்ளவன் இறங்குவதற்கு முன்னால் ஆழம் கேட்கிறான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

1986 மே மாதம். என் மகனுக்கு ஒன்பது வயது. அதே கிணறு. இப்போது தூக்கியவர் என் மைத்துனர். "மாமா, போட்டுடவா?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் சுற்றி நான்கு ஆம்பிளைகள் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல நாக்கு வரவில்லை. தலையாட்டினேன். தண்ணீரில் விழுவதற்கு முன் அவன் தன்னைத் தூக்கியவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. பெங்களூரில் நல்ல வேலை. அவன் வீடு இருக்கும் அடுக்குமாடியில் நீச்சல் குளம் இருக்கிறது. அதன் பக்கம் போகிற வழியைத் தவிர்த்து லிஃப்டுக்குச் சுற்றிக்கொண்டு போவான். அவன் மகள், என் பேத்தி, எட்டு வயது. தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வீடே அதிரும்படி கத்துவாள். அவளை யாரும் கிணற்றில் போட்டதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். மாமா எனக்குத் தந்ததை நான் மகனுக்குத் தந்தேன். அவன் அறியாமலே தன் மகளுக்குத் தந்துவிட்டான். சொத்து பாகம் பிரித்துக் கொடுத்ததைப் போல மூன்று தலைமுறை.

போன கோடையில் பேத்தியை இங்கே விட்டுவிட்டுப் போகும்போது அவன் சொன்னான்: "அப்பா, தண்ணிப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க."

நான் அவனைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன்: "அன்னிக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாதுடா. தப்பு என்மேல." முப்பத்தொன்பது வருடம் கழித்து வந்த மன்னிப்பு. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளா கேட்டா மட்டும் எறக்குங்க. அவ வேணாம்னா விட்டுடணும்" என்றான். அதுதான் ஒப்பந்தம். முப்பத்தைந்து வருட சர்வீஸில் இதைவிட நல்ல உத்தரவு எந்த மேலதிகாரியிடமிருந்தும் எனக்கு வந்ததில்லை.

நான் நீச்சல் கற்றது ஓய்வு பெற்ற பிறகு, என் ஐம்பத்தொன்பதாவது வயதில். பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் நண்பர் ஒருவர், தன் பம்பு செட்டுத் தொட்டியில் எனக்குச் சொல்லித் தந்தார். அந்தத் தொட்டிக்குத்தான் பேத்தியையும் கூட்டிப் போனேன். மோட்டாரை நிறுத்தி மெயினையும் அணைத்துவிட்ட பிறகு, தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் போகாத அளவில் வைத்து, வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் சூடான நேரத்தில். குளிரில் நடுங்குகிற பிள்ளைக்குப் பயமும் சேர்ந்து வரும்.

முதல் மூன்று நாள் அவள் இறங்கவே இல்லை. நான் தொட்டிக்குள், அவள் விளிம்பில். சொம்பு அவள் கையில். என் தலையில் அவள் ஊற்ற வேண்டும், அதுதான் விளையாட்டு. தாத்தா முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான்காம் நாள் தன் காலில் ஊற்றிக்கொண்டாள். பிறகு தோளில். பிறகு, "தாத்தா, கண்ண மூடிக்கோ, பாக்காத" என்று சொல்லிவிட்டுத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள். கத்தவில்லை. சொம்பு யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயமே என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து மூச்சு. சூடான காபியை ஊதுவதுபோலத் தண்ணீர்மேல் ஊதச் சொன்னேன். பிறகு உதட்டைத் தண்ணீருக்குள் வைத்து ஊத வேண்டும். குமிழி வந்தது. பிறகு "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மூக்கையும் உள்ளே வைக்க வேண்டும். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. எனக்கு 1958இல் மண்டைவரை ஏறிய எரிச்சலுக்கு இத்தனை சின்ன வைத்தியம் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தைத் தொட்டியின் அடியில் போட்டு எடுக்கச் சொன்னேன். இரண்டு தடவை கை எட்டவில்லை. எழுந்து நின்று, "தாத்தா, தண்ணி என்ன உள்ள விட மாட்டேங்குது" என்று புகார் சொன்னாள். இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்வரை உடம்பு தண்ணீரில் மிதக்கத்தான் பார்க்கும். மூழ்குவதுதான் கஷ்டம். "தண்ணி முழுங்கிடும்" என்று நாம் மிரட்டி வைத்திருக்கிறோம். அது தன்னை மேலே தள்ளுகிறது என்பதை அவள் தன் உடம்பாலேயே கண்டுபிடித்தாள்.

கடைசியாக மல்லாந்து மிதப்பது. காது தண்ணீருக்குள் போவதுதான் இதில் பெரிய பயம். ஒரு கையைத் தலைக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கு அடியிலும் கொடுத்தேன். "நீ 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவள் நான்கு நாள் "விடு" சொல்லவில்லை. ஐந்தாம் நாள் என் கை ஒரு விரலாகக் குறைந்திருந்தது. நைசாக எடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. பெரிய மனிதர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறார்கள். "பாத்தியா, நான் விட்டுட்டேன், நீ மிதக்குற" என்று வெற்றிச் சிரிப்பு வேறு. சைக்கிளில் அது நடக்கலாம். தண்ணீரில் கூடாது. ஒருமுறை அந்தக் கை பொய் சொன்னால், பிறகு எந்தக் கையையும் பிள்ளை நம்பாது. நான் எடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே, "விடு தாத்தா, ஆனா பக்கத்துலயே இரு" என்றாள். விட்டேன். பதினொன்று எண்ணும்வரை மிதந்தாள்.

மே கடைசியில் அறுபது எண்ணும்வரை மிதந்தாள். சுவரை உதைத்து நாலு முழம் நாய் நீச்சல் அடித்தாள். அவ்வளவுதான். அவளுக்கு நீச்சல் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆழமான தண்ணீர் இன்னும் பாக்கி, அதற்கு என்னைவிட நல்ல நீச்சல்காரர் வேண்டும். ஆனால் தண்ணீர் அவளுக்குத் தெரியும்.

உலகம் இதில் நமக்கு முன்னால் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் இது மூன்றாவது இடம். நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேல். ஐ.நா. பொதுச்சபை 2021இல் தீர்மானம் போட்டு, ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நம் ஊரில் அன்றைக்கு ஒரு பேனர்கூட நான் பார்த்ததில்லை.

பணக்கார நாட்டுக் கதை வேண்டாம் என்பவர்கள் பங்களாதேஷைப் பார்க்கலாம். அங்கே கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறார்கள். பளிங்குத் தரை போட்ட குளம் ஒன்றும் தேவைப்படவில்லை. நெதர்லாந்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் தேர்வு வைக்கும்போது சட்டையும் செருப்பும் போட்டபடியே நீந்தச் சொல்கிறார்கள். தவறி விழுகிறவன் நீச்சல் உடையில் விழுவதில்லை அல்லவா? நான் படித்த மொழிக்காரர்கள் பிரான்சில் பள்ளிப் பாடத்திலேயே நீச்சலை வைத்திருக்கிறார்கள். எத்தனை நொடியில் நீந்துகிறான் என்று அங்கே பார்ப்பதில்லை. விழுந்தால் மிதக்கிறானா, தடைக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறானா என்று பார்க்கிறார்கள்.

நாம் செய்வது என்ன? 1994இல் குற்றாலீஸ்வரன் என்ற தமிழ்ச் சிறுவன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது நாடே கை தட்டியது. எங்கள் அலுவலகத்திலும் லட்டு கொடுத்தார்கள். லட்டு தின்ற எங்களில் ஒருவர்கூட அந்த வாரம் தன் பிள்ளையை நீச்சல் கற்க அனுப்பவில்லை. நான் உட்பட.

இத்தனைக்கும் நாம் தண்ணீருக்குப் புதியவர்கள் இல்லை. புறநானூற்றில் 243ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். தடி ஊன்றித் தள்ளாடும் கிழவர் ஒருவர், சிறு வயதில் மரக்கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டியதை நினைத்து ஏங்குகிற பாட்டு அது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கிழவனுக்கு அந்த ஞாபகம் இருந்தது. இன்னும் அறுபது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்த ஞாபகம் இருக்கும்?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஊருக்கு ஒரு ஆழமில்லாத தொட்டி, மூன்றடி போதும். பள்ளி விடுமுறையில் இருபது நாள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் சொல்லித் தரட்டும். வேகம் வேண்டாம், மெடல் வேண்டாம். விழுந்தால் ஒரு நிமிடம் மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, விளக்கு கேட்கிற நாம் இதையும் கேட்கலாம்.

அரசாங்கம் செய்யும் வரை நாம் செய்யக்கூடியவை உண்டு. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல "காப்பாத்துங்க" என்று கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது கத்த மூச்சு ஏது? ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் போய்விடும். அதனால் கரையில் இருக்கிற பெரியவர் செல்போனைப் பார்க்கக் கூடாது. ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒரே வீட்டில் மூன்று பேர் போன கோப்புகள் எல்லாம் அப்படி வந்தவைதான். கரையில் நின்றபடி வேட்டியை, சேலையை, கயிற்றை, மூங்கிலை நீட்டுங்கள். மூடிய காலி பிளாஸ்டிக் கேனை வீசுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருங்கள். இன்னொருவர் 108க்குப் பேசட்டும்.

பேத்தியை அழைத்துப் போக மகன் வந்தபோது தொட்டிக்கும் வந்தான். பத்தடி தள்ளி வரப்பிலேயே நின்றான். அவள் மிதந்து காட்டினாள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், பேன்ட்டை மடித்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. பேத்தி சொம்பை எடுத்துக்கொண்டு அவனிடம் போய், "அப்பா, ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவளும் வற்புறுத்தவில்லை. சொம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு நீந்தப் போய்விட்டாள்.

அடுத்த மே மாதமும் அந்தக் கோப்புகள் வரும். என் இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் தம்பி அதே வாசகத்தைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். அவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். "எதிர்பாராத விதமாக" என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள், தம்பி. அந்த இடத்தை வேண்டுமானால் காலியாக விடுங்கள்.